பந்து கைக்கு வந்தால் போதும்!

எட்டு ட்ரை. ஒரே ஆட்டத்தில், ஒரே ஆளாக! 2017-இல் அயர்லாந்தில் நடந்த மகளிர் ரக்பி உலகக் கோப்பையில் ஹாங்காங்கை நியூசிலாந்து 121-0 என்று வீழ்த்திய நாளில் போர்ஷியா வுட்மன் அடித்தவை அவை. ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. பின்னாலோ பக்கவாட்டிலோ கைமாறி, ஓரத்தில் நிற்கும் விங்கரிடம் அது வந்துசேரும்போது எதிரே தடுக்க ஆள் தயாராக நிற்பார். விங்கரான போர்ஷியா விலகி ஓடுவார். வழி இல்லையென்றால் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்திவிட்டால் அது ஒரு ட்ரை, ஐந்து புள்ளிகள்.

அப்பாவும் அவருடைய சகோதரரும் நியூசிலாந்து ஆண்கள் அணியான ஆல் பிளாக்ஸுக்கு ஆடியவர்கள். ஆனாலும் போர்ஷியா முதலில் பெயர் வாங்கியது நெட்பாலில்தான். அணிக்கு ஏழு பேர் ஆடும் எழுவர் ரக்பி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட பிறகு, 2012-இல் நடந்த திறமைத் தேடலுக்குப் போனார். அடுத்த ஆண்டே எழுவர் உலகக் கோப்பை!

2016 ரியோ ஒலிம்பிக் இறுதிப்போட்டிதான் அவருக்குப் பெரிய அடி. மஞ்சள் அட்டை வாங்கி இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. எழுவர் ஆட்டத்தில் இரண்டு நிமிடம் என்பது சாதாரணமல்ல. ஆஸ்திரேலியா 24-17 என்று தங்கத்தைக் கொண்டுபோனது. பிறகு குதிகால் தசைநாண் காயம், அது தேறுவதற்குள் தொடைக் காயம். விரைந்து ஓடுவதையே நம்பியிருக்கும் ஒருவருக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. அத்தனையும் தாண்டி டோக்கியோவில் தங்கம், பாரிஸில் மறுபடியும் தங்கம்.

அவருடைய வேகத்தைப் போலவே இன்னொன்றையும் பேசியாக வேண்டும். 2017-இல் பதினைந்து பேர் ஆடும் ரக்பியின் உலகக் கோப்பையை வென்ற அந்த அணியில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடியவர்கள். பதினைவர் அணிப் பெண்களுக்குச் சம்பள ஒப்பந்தம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். கோப்பையைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் பணம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2022-இல் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை இறுதிப்போட்டியைப் பார்க்க 42,579 பேர் திரண்டார்கள். தலையில் அடிபட்டு போர்ஷியா பாதியிலேயே வெளியேறினார். அணி 34-31 என்று வென்றது. உலகக் கோப்பைகளில் மொத்தம் 20 ட்ரை என்ற சாதனையை அந்தத் தொடரில்தான் எட்டியிருந்தார். பாரிஸோடு ஓய்வு என்றவர், 2025-இல் பதினைவர் அணிக்கு மீண்டும் வந்தார்.

எழுவர் ரக்பி ஒரு ஆட்டம் முடியப் பதினான்கு நிமிடம்தான். அடுத்த ஒலிம்பிக்கில் தவறாமல் பாருங்கள்.