சாப்பாட்டுக் கடையும் முகாமைத்துவமும்

முகாமைத்துவம் என்றதும் கண்டி நகரத்துப் பெரிய ஹோட்டல்களும் வங்கிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. உயர்தர வணிகக் கல்வியில் நாம் படிக்கும் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல் ஆகிய நான்கும் தெல்தோட்டைக் கடைவீதியின் சிறிய சாப்பாட்டுக் கடைக்கும் வேண்டியவையே. அப்படியொரு கடையை என் வாப்பா நடத்துகிறார். அங்கே கண்டவற்றைக் கொண்டே இதை விளக்குகிறேன்.

முதலாவது திட்டமிடல். ஒரு சோற்றுப் பார்சலின் விலை 300 ரூபா என்றும், அரிசி, கறி, எரிவாயு, கூலி, வாடகை எல்லாம் சேர்த்து அதன் செலவு 260 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். 40 பார்சல்களும் விற்றால் இலாபம் 1,600 ரூபா. ஆறு பார்சல்கள் மிஞ்சினால் செலவு 10,400, வரவு 10,200. இலாபம் முழுவதும் போய் 200 ரூபா நட்டம்! எனவே இன்று எவ்வளவு சமைப்பது என்பதே முதல் தீர்மானம். தோட்டச் சம்பள நாள், போயா, வெள்ளிக்கிழமை, மழை நாள் என்று விற்பனை மாறிக்கொண்டே இருக்கும். தினமும் கொப்பியில் எழுதி வைப்பவருக்கே அந்தக் கணக்குப் பிடிபடும்.

இரண்டாவது ஒழுங்கமைத்தல். வாப்பா பாத்திரம் கழுவச் சொன்ன பையனை அதே நேரத்தில் சாச்சா தேநீர் கொடுக்க அனுப்பினால், இரண்டு வேலையும் கெடும். ஒருவருக்கு ஒருவரே கட்டளையிட வேண்டும் என்று பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஹென்றி ஃபயோல் சொன்னது இதைத்தான்.

அடுத்து கட்டுப்படுத்தல். கடைக்காசு வேறு, வீட்டுக்காசு வேறு. லாச்சியிலிருந்து வீட்டுக்கு எடுத்ததையும் எழுத வேண்டும். கடனை எழுதிக்கொள்ளும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனமும் நமக்குக் கட்டளையிடுகிறது. கடன் கொப்பி வைப்பது நம்பிக்கையின்மை அல்ல. இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

நெறிப்படுத்தலை, அதாவது தலைமைத்துவத்தை, வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அப்போது எனக்கு வயது 13. ஓரிரவு வாப்பா வேலையாட்கள் மூவரையும் உட்காரவைத்துக் கொப்பியைத் திறந்து காட்டினார்.

"ஒருவரை நிற்பாட்டினால்தான் கடை ஓடும். யாரை நிற்பாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கொத்துப் போடும் நானா சொன்னார்: "முதலாளி, இரவைக்குக் கடையை மூடுவோம். காலையும் பகலும் விறகில் சமைப்போம். சம்பளத்தை எல்லாருக்கும் கொஞ்சம் குறையுங்கள்."

கொத்து விற்பதே இரவில்தான். தன் வேலையைத்தான் அவர் விட்டுக்கொடுத்தார். மறுநாள் முதல் அடுப்புக்கு விறகு தள்ளினார். வாப்பாவும் வீட்டுக்கு எடுக்கும் காசைக் குறைத்தார். ஒருவரும் வேலை இழக்கவில்லை.

வாப்பா கணக்கை மறைத்திருந்தால் அந்த யோசனை வந்திருக்காது. உண்மையைச் சொல்லி, பிறர் சொல்வதைக் கேட்டு, குறைவைத் தானும் பங்கிட்டுக்கொள்வதே தலைமைத்துவம் என்பதை அன்று கண்டேன்.

அன்பின் தோழிகளே, அதிகாலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் உம்மாமார் நம் ஊரில் பலர். அவர்களும் முகாமையாளர்களே. உங்கள் வீட்டிலும் அப்படியொருவர் இருந்தால், இன்றே ஒரு கொப்பி வாங்கி, மா, தேங்காய், விறகு என்று முதல் பக்கத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்.