மேடைக்குக் கீழே இருந்து ஒரு வாக்காளர்

2024 ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்தின்போது எமது கிராமத்தில் மூன்று கூட்டங்கள் நடைபெற்றன. மூன்றுக்கும் போனேன். நாற்காலிகளில் பெரும்பாலும் பெண்களே. மேடையில் ஒருத்தியும் இல்லை. வேட்புமனு ஏற்றுக்கொள்ளப்பட்ட 39 பேரிலும் ஒரு பெண் இல்லையே!

எரிபொருள் வரிசை தீர்ந்ததை ஒரு தரப்பினர் சொன்னார்கள். ஊழலை ஒழிப்போம் என்றனர் மற்றவர்கள். சங்குச் சின்னத்திற்காகப் பேசியவர்கள் தமிழர் ஒன்றுபட வேண்டும் என்றனர். எல்லாம் தேவைதான். ஆனால் 2009 இலிருந்து நான் தேடும் கணவரைப் பற்றிக் கேட்கக் கை உயர்த்தியபோது, "நேரம் போய்விட்டது அம்மா, துண்டில் எழுதித் தாருங்கள்" என்றார் ஒருவர். எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை.

"ஆர் வந்தாலும் எங்களுக்கென்ன பிள்ளை? நான் வரேல்லை" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு 2005 நினைவுக்கு வந்தது. அப்போது வன்னியில் இருந்தோம், வாக்களிக்கவில்லை. பகிஷ்கரிப்பு. எமது விருப்பத்தை யாரும் கேட்கவுமில்லை. யாழ். மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. அந்தத் தேர்தலில் வெற்றி வித்தியாசம் 2 இலட்சத்தை எட்டவில்லை.

செப்டெம்பர் 21 காலையில் அக்காவையும் அழைத்துச் சென்றேன். நான் 1, 2, 3 என விருப்பு வாக்கும் இட்டேன். யாருக்கென்று எழுதமாட்டேன். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், முதற்தடவையாக விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்ட பின்னரே அநுர குமார திசாநாயக்க வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். வானொலியில் அதைக் கேட்ட அக்கா, "எனக்கேன் முதலே சொல்லேல்லை? நான் ஒன்றுதானே போட்டனான்" என்று என்னை ஏசினார்.