பத்தாம்பசலி யார்?

போன பேரவைக் கூட்டத்தில் தீர்மானத்தை எதிர்த்துப் பேச எழுந்த ஒருவரை, "உட்காருய்யா பத்தாம்பசலி!" என்று கத்தியே உட்கார வைத்தோம். அந்தக் கூச்சலில் என் குரலும் உண்டு. அவர் ஏன் எதிர்த்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மாற்றத்தை ஏற்காதவரை மட்டம் தட்ட அரசியல் மேடைகளில் வெகுகாலமாகப் புழங்கும் வார்த்தை இது. வீட்டிலும் பிரயோகித்தேன். அறுவடைக்கு மெஷின் வேண்டாம், ஆள் விட்டே அறுக்கலாம் என்றார் அப்பா. மெக்கானிக்கல் படிக்கிற எனக்குச் சுருக்கென்றது. "நீ ஒரு பத்தாம்பசலிப்பா" என்றேன். அவர் கோபப்படவில்லை. "பசலின்னா கிஸ்தி ரசீதுல போடுவாங்களே, அதுவாடா? அதுல பத்து எங்க வந்துச்சு?" என்றார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். பதில் சொல்ல முடியவில்லை. நூலகத்தில் தேடினேன்.

பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது பசலி. நிலவரிக்காக அக்பர் காலத்தில் ஏற்பட்ட ஆண்டுக் கணக்கு அது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை ஒட்டியது. வருஷத்துக்குச் சுமார் பதினோரு நாள் குறையும். அறுவடையோ வெயிலையும் மழையையும் பார்த்து வருவது. இரண்டும் ஒத்துப்போகாததால் வரிக்கென்று தனி ஆண்டு வைத்தார்கள். தக்காணத்துக்கு அது ஷாஜகான் காலத்தில் வந்தது. அப்போது, 1636-ல் நடந்துகொண்டிருந்த ஹிஜ்ரி எண்ணான 1046-ஐயே தொடக்கமாக எடுத்துக்கொண்டார்கள். நம் வருவாய்த் துறையில் ஜூலை 1-ல் பசலி பிறக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் கிடைக்கும். பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை.

இப்போது பத்தாம் பசலிக்குக் கணக்குப் போடுங்கள். கி.பி. 600! ஏறக்குறைய மகேந்திரவர்ம பல்லவன் காலம். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குப் பசலியே கிடையாது. கணக்கு ஆரம்பித்ததே ஆயிரத்தை ஒட்டிய எண்களில்தான். பத்தாம் பசலி என்று எந்தக் கர்ணமும் ஏட்டில் எழுதியிருக்க முடியாது. யாருமே வாழாத ஒரு வருஷத்தில்தான் அப்பாவைக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தேன்!

இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். அப்புறம்தான் மெஷின் ஏன் வேண்டாம் என்று கேட்டேன். "வைக்கோலை நொறுக்கி எறிஞ்சிடும்டா. மாடு சரியாத் திங்காது. ரெண்டு மாட்டுக்கும் வருஷம் பூரா தீவனம் நீயா வாங்கித் தருவே?"

எங்கள் பாடத்தில் மெஷினின் வேகம் உண்டு. மாடு இல்லை.

கூட்டத்தில் உட்கார வைத்தோமே, அவரை இன்னும் போய்க் கேட்கவில்லை. செமஸ்டர் முடிவதற்குள் கேட்க வேண்டும்.