இரண்டு ‘ஆம்’ போதும்: ‘கிராஃப்ட்’ சல்லடை எப்படி இயங்குகிறது?

இடியாப்பத்துக்கு மாவு சலிக்கும்போது சல்லடையில் தங்கும் கப்பியை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை; மறுபடி அரைத்துச் சலிக்கிறோம். பதின்வயதினருக்கு மது, போதைப் பொருளால் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்கும் ‘கிராஃப்ட்’ கேள்வித்தாளும் அப்படியொரு சல்லடைதான். அமெரிக்காவில், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ஜான் நைட்டும் அவர் குழுவினரும் 1999இல் வெளியிட்டது இது.

சலிக்கும் முன்: கூட வந்த பெற்றோரை வெளியே உட்காரச் சொல்வார்கள். “நீ சொல்வது நமக்குள் இருக்கும். யார் உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டுமே வெளியே சொல்வேன்” என்று மருத்துவர் உறுதி தருவார். அது இல்லாமல் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

முதல் சலிப்பு: கடந்த 12 மாதங்களில் சில மடக்குக்கு மேல் மது குடித்தது எத்தனை நாள்? கஞ்சா எத்தனை நாள்? போதைக்காக வேறு எதையாவது எடுத்தது எத்தனை நாள்? ‘குடிப்பாயா?’ என்றால் சட்டென்று ‘இல்லை’ வந்துவிடும். ‘எத்தனை நாள்?’ என்றால் யோசிக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் பூஜ்யம் என்றாலும் ஒரு கேள்வி உண்டு: போதையில் இருந்தவர் ஓட்டிய காரில் ஏறியிருக்கிறாயா? குடிக்காத பிள்ளையின் உயிரும் அந்தக் காரில் போகலாம்.

இரண்டாம் சலிப்பு: ஒரு நாள் என்று சொன்னாலும் கார் கேள்வியோடு மீதி ஐந்தையும் கேட்பார்கள். மனசு லேசாகவோ கூட்டத்தோடு ஒட்டவோ எடுத்துக்கொள்கிறாயா? தனியாக இருக்கும்போது? போதையில் செய்தது மறந்துபோகிறதா? குறைத்துக்கொள் என்று வீட்டாரோ நண்பர்களோ சொன்னதுண்டா? போதையில் இருந்தபோது வம்பில் மாட்டியிருக்கிறாயா?

சல்லடைக் கண்: ஆறில் இரண்டு ‘ஆம்’ வந்தால் தங்கிவிட்டதாகக் கணக்கு. 14 முதல் 18 வயதுள்ள 538 பேரிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. விரிவான நேர்காணலோடு ஒப்பிட்டபோது, சிக்கல் உள்ளவர்களில் 100க்கு 76 பேரை இது பிடித்தது. 24 பேர் நழுவினார்கள். சிக்கல் இல்லாதவர்களில் 100க்கு 6 பேர் வீணாக மாட்டினார்கள். ஆகவே இது நோய்த் தீர்ப்பு அல்ல. தங்கிய பிள்ளையோடு மருத்துவர் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும். தேவைப்பட்டால் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நழுவியவர்களுக்காக ஆண்டுதோறும் மறுபடி சலிக்க வேண்டும்.

இந்தத் தாளை வைத்து ஒரு பிள்ளையைத் தண்டித்தாலோ பள்ளியிலிருந்து நீக்கினாலோ, அடுத்து வரும் பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றே எழுதுவார்கள். அப்புறம் உதவி தேவைப்படும் பிள்ளை யார் என்று நமக்குத் தெரியவே தெரியாது.