கோத்திரம் கேட்கும் பரங்கிக்காய்

சிறிய கொல்லையில் ராட்சதப் பரங்கி வளர்ப்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, எருவும் தண்ணீரும் வெயிலும் வேண்டிய மட்டும் கிடைத்தால் எந்தக் காய்தான் பெருக்காது, இதில் ஒரு கட்டுரைக்கு என்ன விஷயம் இருக்கப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. விசாரிக்க விசாரிக்க, இது தோட்டக் கலையைவிடக் கல்யாணத் தரகுக்கே நெருங்கிய வித்தை என்று தெரிந்து சற்றுத் திகைத்துப் போனேன்.

கனடாவின் கீழ்க்கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், விண்ட்ஸர் என்றொரு சிற்றூர். ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ, பொழுது சாயும் வேளையில், அங்கே பந்தயத்துக்குப் பரங்கி வளர்ப்பவர் தம் கொடியருகே மண்டியிட்டுச் செய்யும் காரியத்தைப் பார்க்க வேண்டும். மறுநாள் மலர இருக்கும் பெண் மொட்டு, அடியில் எலுமிச்சை அளவு பிஞ்சைத் தாங்கி, நுனியில் லேசாக மஞ்சள் காட்டி நிற்கும். அதன் வாயைக் குவித்து நூலால் கட்டுகிறார். தாம் தேர்ந்தெடுத்த ஆண் மொட்டுகளையும் அவ்வாறே கட்டி வைக்கிறார். விடிந்ததும், தேனீக்கள் வேலைக்குப் புறப்படுமுன் வந்து, ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துப் போட்டுவிட்டு, நடுவே நிற்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் உள்ளே பக்குவமாகச் சுற்றித் தடவி, மறுபடியும் பூவின் வாயைக் கட்டிவிடுகிறார். பிறகு வரும் தேனீக்கு அந்த வீட்டில் இடமில்லை. மார்கழியில் சாண உருண்டையின் மேல் செருகிக் கோலத்தின் நடுவே நாம் வைக்கும் பூ இதன் பங்காளிக் குடும்பத்துப் பூதான். அதன் தகப்பன் பெயரை நம் வீட்டில் எவரும் கேட்டதில்லை.

விண்ட்ஸரில் கேட்கிறார்கள். ஒவ்வொரு பந்தய விதைக்கும் ஒரு பெயருண்டு. தாய்க் காய் எத்தனை பவுண்டு நிறுத்தது, அதை வளர்த்தவரின் குடும்பப் பெயர் என்ன, எந்த ஆண்டு விளைந்தது என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் விதையின் பெயர் பூர்த்தியாகும். அத்துடன் தகப்பன் கொடியின் பெயரையும் கேட்டுக்கொள்வார்கள். நம் பெரியவர்கள் அபிவாதயே சொல்லி வணங்கும்போது கோத்திரமும் பிரவரமும் கூறுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. கீர்த்தி பெற்ற வம்சத்து விதை ஒன்றே ஏலத்தில் நூற்றுக்கணக்கான டாலர்களுக்குப் போயிருக்கிறது.

இத்தனை சிரத்தைக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண்காட்சியில் 403 பவுண்டுப் பரங்கி ஒன்று வைக்கப்பட்டது. 1976 வரை அதை மிஞ்சுவார் இல்லை. எழுபத்திரண்டு ஆண்டுகள் அசையாதிருந்த அந்த எல்லை பிற்பாடு உடைந்த வேகம்தான் ஆச்சரியம்: 1996-இல் 1,061 பவுண்டு, 2012-இல் 2,009, 2023-இல் 2,749, 2025-இல் இங்கிலாந்தில் விளைந்தது 2,819, அதாவது ஏறக்குறைய 1,279 கிலோ. எருவும் உழைப்பும் முன்னேயும் இருந்தன. புதிதாக வந்தது விதை. 1979 முதல் 1982 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டம் பெற்ற விண்ட்ஸர்க் குடியானவர் ஒருவர், வருஷக் கணக்கில் பொறுக்கியும் இணைத்தும் நிலைநிறுத்திய ‘அட்லாண்டிக் ஜயண்ட்’ என்ற வகையிலிருந்துதான் இன்றைய பந்தயப் பரங்கிகள் அனேகமாக எல்லாம் வழிவந்தவை. 2015-இல் வெளியான தாவர ஆராய்ச்சி ஒன்றும் இதற்கு இசைவாகவே பேசுகிறது: ராட்சதக் கொடியின் இலை சாதாரணக் கொடியின் இலையைவிட மும்முரமாகச் சர்க்கரை சமைப்பதில்லையாம், சமைத்ததைக் காய்க்குக் கொண்டுசேர்க்கும் குழாய்த் திசுதான் அதில் அதிகமாம். ஆகவே பெருமை பிறப்பிலேயே வருகிறது.

வளர்ப்பு முறையைச் சொல்லாமல் விட்டால் ஆசிரியர் கோபிப்பார். பந்தயக்காரர்கள் ஒரு கொடிக்கு உத்தேசம் ஆயிரம் சதுர அடி, நம் கணக்கில் இரண்டேகால் சென்ட், ஒதுக்குகிறார்கள். அரை சென்ட்டே உள்ளவரும் மனம் தளர வேண்டியதில்லை. தாய்க் கொடி வேலியை எட்டியதும் நுனியைக் கிள்ளி, பக்கக் கொடிகளை இருபுறமும் ஒழுங்காகப் பரத்தி, கணுக்களை மண்ணால் மூடி, ஒவ்வொரு கணுவிலும் வேர்விடச் செய்தால் சில நூறு பவுண்டு காண்பது சாத்தியமே. தாய்க் கொடியில் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் பிடித்த பிஞ்சு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் கிள்ளி எறிய வேண்டும். இரக்கம் பார்ப்பவருக்கு இந்தத் தொழில் ஆகாது.

காம்பைத்தான் கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டும். உச்சக் கட்டத்தில் காய் ஒரே நாளில் நாற்பது பவுண்டுக்குமேல் ஏறுவதுண்டு. காயின் தோள் உயர உயர, அதோடு கொடியும் மேலே தூக்கப்படும். அருகிலுள்ள கணுக்களில் விட்ட வேர்கள் கீழே பிடித்து இழுத்தால் காம்பு கிழிந்து, இரண்டு மாத உழைப்பு ஒரே இரவில் வீணாகும். ஆகையால் காய்க்கு இருபக்கமும் இரண்டு மூன்றடி தூரத்துக்கு வேரை அறுத்துக் கொடியைத் தளரவிட வேண்டும். காய் சிறிதாயிருக்கும்போதே, வெயிலில் கொடி துவண்டிருக்கும் பிற்பகலில், தினம் ஓரிரு அங்குலமாகத் திருப்பி, காம்பு கொடிக்குச் செங்கோணத்தில் நிற்கும்படி பழக்கவும் வேண்டும். அடியில் மணல், மேலே நிழலுக்குத் துணி. இவ்வளவு செய்தும், உள்ளறை வரை ஊடுருவும் ஒரு விரிசல் கண்டால் பந்தயத்தில் சேர்க்கமாட்டார்கள்.

இனி என் கவலை. ஒரே கோத்திரத்தில் பெண் எடுப்பதில்லை என்று வைத்த நம் முன்னோரை மூடர்கள் என்று சொல்லும் காலம் இது. அந்த வழக்கத்தை மனிதர் விஷயத்தில் எப்படி வேண்டுமானாலும் விவாதித்துக்கொள்ளட்டும். பரங்கி விஷயத்தில் அது அடியோடு போய்விட்டது. சென்ற வருஷம் ஜயித்த விதையையே இந்த வருஷம் எல்லாரும் தேடுகிறார்கள். ஜயித்தவனை ஜயித்தவளுக்கே கட்டுகிறார்கள். அதுவும் போதாமல் ஒரு கொடியின் மகரந்தத்தை அதே கொடியின் பெண் பூவுக்கே தடவி வம்ச சுத்தம் காக்கிறார்கள். பல கண்டங்களிலும் பரவிய ஒரு பயிர் இப்படி நாளடைவில் ஒரே குடும்பமாகச் சுருங்கிவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு ஆகாத நோய் ஒன்று வரும்போது எதிர்த்து நிற்கப் பங்காளி எங்கேயிருந்து வருவான்? இடையிடையே வேற்று வம்சத்தோடும் கலக்கிறோம், இதெல்லாம் வீண் பயம் என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள், சொல்லட்டும்.

எடை ஒன்றையே குணமென்று கொண்டதால் போன பிற குணங்களும் உண்டு. இந்த ராட்சதக் காயின் சதை தண்ணீராயும் சப்பென்றும் இருக்கும், சாம்பாருக்கு உதவாது. விண்ட்ஸரில் 1999 முதல், காயின் தலையைச் சீவி, உள்ளே குடைந்து, அதில் ஏறி உட்கார்ந்து, ஏரியில் துடுப்புப் போட்டுப் படகுப் பந்தயம் நடத்தினார்கள். வேடிக்கைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இதே இனத்தைச் சேர்ந்த, வட அமெரிக்கச் சமையலறைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்த, மாவுபோல் வேகும் ‘ஹப்பர்ட்’ போன்ற பழைய வகைகளை, சிறிய கொல்லை உடையவர்கள் இடமில்லை என்று விலக்குவதைத்தான் என்னால் வேடிக்கையாக எண்ண முடியவில்லை. ஒரு கொடிக்கே கொல்லை போதவில்லை என்றால் இரண்டாவது கொடி எங்கே படரும்?

கனடாவில் குடியேறி, வீட்டின் பின்புறத்தில் நாலு முழ நிலம் கொத்தி, ராட்சதப் பரங்கி மேல் ஆசை கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜயித்த விதையைத் தாராளமாக நடுங்கள். வேலியோரம் ஒரு ஹப்பர்ட் கொடியும் போடுங்கள். இரண்டும் ஒரே இனமாதலால் தேனீ கலந்துவிடும். ஆகவே ராட்சதக் கொடியின் மொட்டைக் கட்டும் அன்று மாலை, ஹப்பர்ட்டின் மொட்டுக்கும் ஒரு நூல் எடுத்துக்கொண்டு போங்கள்.