வெளிச்சுவர்ப் பூச்சுக்கும் வண்ணத்துக்கும் ஏற்ற காலம்

வீட்டின் வெளிச்சுவரில் பூசும் சிமென்ட் சாந்துக்கும் அதன் மேல் அடிக்கும் வண்ணத்துக்கும் ஏற்ற வானிலை ஒன்றல்ல. சாந்தில் கலந்த தண்ணீர் பல நாள் சுவரிலேயே தங்க வேண்டும். வண்ணம் அடிக்கும் நேரத்திலோ அந்தத் தண்ணீர் வெளியேறி முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த இரண்டு வேலையையும் அடுத்தடுத்து முடித்து, பொங்கலுக்கோ புதுமனைப் புகுவிழாவுக்கோ சுவரைப் பளிச்சென்று காட்டிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஓராண்டு கழிவதற்குள் மயிரிழை விரிசல் ஓடுகிறது, உப்பு பூக்கிறது, வண்ணம் சுருள் சுருளாக உரிகிறது. கொத்தனாரையும் சிமென்டையும் பெயின்ட் கடையையும் குறை சொல்கிறார்கள். ஆனால் பல வீடுகளில் உண்மையான காரணம், வேலை நடந்த மாதம்தான்.

சிமென்ட் காய்ந்து இறுகுவதாக நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் சிமென்ட் இறுகுகிறது. அதிலுள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் தண்ணீரை எடுத்துக்கொண்டு நுண்ணிய கூழ்மமாக மாறி, மணல் துகள்களைப் பிணைக்கின்றன. பூச்சின் நுண்துளைகளுக்குள் ஈரப்பதம் சுமார் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் இந்த வினை ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே, சீக்கிரம் காய்ந்த பூச்சு பாதியில் நின்றுபோன பூச்சு. விரலால் தேய்த்தால் மணல் உதிரும். தட்டிப் பார்த்தால் வெற்றொலி கேட்கும். பூசி முடித்த பின் குறைந்தது 7 நாள் சுவரை ஈரமாக வைத்திருக்கச் சொல்வதன் காரணம் இதுதான். இப்போது பெரும்பாலும் விற்பனையாவது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட். அது மெதுவாக வலுப்பெறுவதால் 10 நாள் தண்ணீர் விடுவதே முறை.

பூச்சு எவ்வளவு வேகமாகத் தண்ணீரை இழக்கும் என்பதை வெயில் மட்டும் முடிவு செய்வதில்லை. வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்று வீசும் வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. ஈரமான கான்கிரீட்டுக்கு வகுக்கப்பட்ட ஆவியாதல் சூத்திரத்தில் இரண்டு நாட்களை இட்டுப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். முதலாவது, தை மாதத்து முற்பகல்: வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 70 விழுக்காடு, மணிக்கு 8 கி.மீ. மென்காற்று. அன்று ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு ஏறத்தாழ கால் கிலோ தண்ணீர் ஆவியாகும். இரண்டாவது, சித்திரை மாதத்துப் பிற்பகல்: 38 டிகிரி, 35 விழுக்காடு, 20 கி.மீ. காற்று. அன்று ஆவியாவது 1.8 கிலோ. மணிக்கு 1 கிலோவை நெருங்கும்போதே இறுகாத மேற்பரப்பில் சுருக்க விரிசல் விழும் அபாயம் உண்டு என்று பொறியாளர்கள் எச்சரிக்கிறார்கள். 20 மி.மீ. தடிமனுள்ள வெளிப்பூச்சில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் இருப்பதே தோராயமாக 5 லிட்டர் தண்ணீர். சித்திரை வெயிலில் முதல் ஒரு மணி நேரத்திலேயே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடக்கூடும். சிமென்ட் முழுதாகக் கெட்டிப்பட அதன் பிறகும் சில மணி நேரம் பிடிக்கும்.

அக்கினி நட்சத்திர நாட்களில் வெளிப்பூச்சு கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஆனால் ஆனி, ஆடி மாதங்களை இதே கண்ணோடு பார்ப்பவர்கள் குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து வீசும் கோவை, பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர்ப் பகுதிகளிலும், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் வட்டாரத்திலும் வானம் மூடியிருக்கும், வெயிலும் உறைக்காது. பூசுவதற்கு வசதியான நாளாகத் தோன்றும். காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் சுவரின் ஈரத்தையும் வாரிக்கொண்டு போகிறது. மேற்கு முகத்தில் பூசிய சாந்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து முடிப்பதற்குள் வெளுத்துவிடும். அங்கே சாரத்தின் வெளிப்புறம் ஈரச் சாக்கையோ பச்சை வலையையோ கட்டிக் காற்றைத் தடுக்காமல் இந்த மாதங்களில் பூசுவது வீண்.

ஐப்பசி, கார்த்திகையில் சிக்கல் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. சென்னையில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். பூசிய சில மணி நேரத்துக்குள் பெருமழை பிடித்தால் மேற்பரப்பின் சிமென்ட் கழுவப்பட்டு மணல் மட்டும் மிஞ்சும். மறுநாள் தூறினால் கெடுதல் இல்லை. கெட்டிப்பட்ட பூச்சுக்கு அது தண்ணீர் விட்டதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாத தீமைகள் வேறு இரண்டு இருக்கின்றன. செங்கல் ஓரளவு தண்ணீரை உறிஞ்சினால்தான் சாந்து அதில் கவ்விப் பிடிக்கும். மழையில் ஊறித் தண்ணீரை வயிறு முட்டக் குடித்த கல் எதையும் உறிஞ்சாது. சாந்து வழுக்கித் தொய்யும்.

மற்றொன்று மணலில் நிகழ்கிறது. ஈர மணலில் துகள்களைச் சுற்றிப் படியும் நீர்ப்படலம் அவற்றை ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி வைப்பதால் மணல் பருத்துவிடும். 5 விழுக்காடு ஈரம் ஏறினாலே அதன் கன அளவு கால் பங்கு வரை கூடலாம். ஒன்றுக்கு ஐந்து என்று பெட்டியால் அளந்து போடும் சித்தாள், மழைக்காலத்தில் உண்மையில் போடுவது ஒன்றுக்கு நான்கு. சிமென்ட் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். சிமென்ட் மிகுந்த சாந்து காயும்போது அதிகம் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். தூண் கான்கிரீட்டும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்திருந்தாலும் இந்தச் சுருக்கத்தை முழுதாகத் தாங்காது. பருவமழைக் காலத்தில் பூசியே ஆக வேண்டுமானால் மணலைத் தார்ப்பாயால் மூடி வைப்பதும், அளவைத் திருத்திக்கொள்வதும் கட்டாயம்.

ஆக, கடலோர, உள்நாட்டு மாவட்டங்களில் வெளிப்பூச்சுக்கு மிகத் தோதான காலம் தை பிறப்பதை ஒட்டித் தொடங்கி மாசி நடுவில் முடிகிறது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, காற்றில் இன்னும் ஈரம் இருக்கும், தண்ணீர்த் தட்டுப்பாடும் தொடங்கியிருக்காது. சில ஆண்டுகளில் பருவமழை பொங்கல் வரை இழுக்கும் என்பதால், நாட்காட்டியைவிட வானத்தைப் பார்த்து வேலையைத் தொடங்குவது நல்லது.

வண்ணத்துக்கு இதே தை மாதம் பொருந்தாது. மாநிலம் முழுவதும் மிகுதியாக நடக்கும் தவறு இங்கேதான். போகிக்கு முன்பு சுவருக்கு வெள்ளையடித்த பழைய வழக்கம் தவறானதல்ல. சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறித்தான் கெட்டியாகிறது. அந்த மாற்றத்துக்குச் சிறிது ஈரம் வேண்டும். மார்கழிக் கடைசியின் காற்று அதைக் கொடுக்கும். சுண்ணாம்புப் படலம் நுண்துளை மிகுந்தது என்பதால், மழைக்காலத்தில் சுவர் குடித்த தண்ணீர் அதன் வழியே தடையின்றி ஆவியாகிப் போகும். சுண்ணாம்புக்கு ஏற்ற காலத்தை அனுபவத்தால் கண்டுபிடித்தவர்களின் நுட்பம் மெச்சத்தக்கது. ஆனால் இன்று அதே நாளில் அதே சுவரில் அடிப்பது அக்ரிலிக் எமல்ஷன். அது நீராவியைச் சுண்ணாம்பைப் போல விடாது. நீர்த்தடுப்பு என்று விற்கப்படும் தடித்த ரப்பர் தன்மைப் பூச்சுகளில் பல இன்னும் குறைவாகவே விடும். பொருள் மாறிவிட்டது; நாள் மட்டும் மாறவில்லை.

ஒன்பது அங்குலச் சுவர் மூன்று மாத மழையில் குடித்த ஈரத்தை ஒரு வாரத்தில் விடாது. தை, மாசியில் சுவர் உலரும்போது உள்ளே கரைந்திருந்த உப்புகள் தண்ணீரோடு மேற்பரப்புக்கு வந்து வெள்ளைப் பொடியாகப் பூக்கின்றன. வண்ணம் அடிக்காத சுவரானால் அந்தப் பொடியை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகும். முன்பே வண்ணம் அடித்துவிட்டால் உப்புப் படிகங்கள் படலத்துக்கு அடியில் வளர்ந்து அதை நெம்பித் தள்ளும். புதுப்பூச்சில் மேலும் ஓர் இடர் உண்டு. சிமென்ட் வினையில் வெளிப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடு பூச்சைக் கடும் காரத்தன்மை உள்ளதாக வைத்திருக்கும், பி.எச். அளவு 12-ஐத் தாண்டும். ஈரமும் காரமும் சேர்ந்தால் எண்ணெய் சார்ந்த பூச்சுகள் சோப்பைப் போலச் சிதையும். சில நிறமிகள் வெளுக்கும். புதுப்பூச்சுக்கு 28 நாளாவது இடைவெளி விடச் சொல்வது இதனால்தான். தை நடுவில் பூசிய சுவருக்கு மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ வண்ணம் அடிப்பது பொருத்தம்.

சுவர் உலர்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும். செலவில்லாத நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரமான தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்ட வேண்டும். மாலையில் ஒட்டிய தாளை 16 மணி நேரம் கழித்து மறுநாள் காலை பார்க்கலாம். உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, தாளுக்கு அடியில் சுவர் கருத்திருந்தாலோ, உள்ளிருந்து ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. தரையிலிருந்து இரண்டடி உயரத்திலும், குளியலறைச் சுவரின் வெளிப்புறத்திலும், கைப்பிடிச் சுவருக்குக் கீழேயும் தனித்தனியாக ஒட்டிப் பார்ப்பது அவசியம். இவைதான் கடைசியாக உலரும்.

எமல்ஷன் படலமாகும் விதத்துக்கும் வானிலை தேவை. ஒரு மைக்ரானுக்கும் குறைவான பிசின் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் ஆவியாக ஆவியாக அவை நெருங்கி, அழுந்தி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து தோலாகின்றன. இது நிதானமாக நடக்க வேண்டும். மே மாதப் பிற்பகலில் மேற்குச் சுவரின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டக்கூடும். துகள்கள் சரியாகச் சேர்வதற்குள் தண்ணீர் பறந்துவிடும், உருளையின் தடம் கோடு கோடாக நிற்கும். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டிய நாளில் படலம் பச்சையாகவே கிடக்கும். மார்கழி, தையில் மாலை ஐந்து மணிக்கு அடித்த சுவரில் இரவு பனி இறங்கினால், பச்சைப் படலத்திலிருந்து சோப்புத் தன்மையுள்ள சேர்மங்கள் கசிந்து பளபளப்பான கறைகளாக வழியும். குளிர்கால மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் உருளையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நாளுக்குள்ளும் ஒரு பருவம் இருக்கிறது. காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர் என்று நிழலைத் தொடர்ந்து போவது அனுபவமுள்ள ஆட்களின் பழக்கம். தெற்கு, வடக்குச் சுவர்களில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் நடுவில்தான் மீண்டும் தெற்கே திரும்புகிறது. மே, ஜூனில் அங்கே நிழல் விழுவது தெற்குச் சுவரில். தை, மாசியில் அதே தெற்குச் சுவர் நாள் முழுவதும் சாய்வான வெயிலை வாங்கும். எனவே தையில் பூச்சு வேலையை வடக்குச் சுவரில் நிதானமாகச் செய்யலாம். தெற்குச் சுவருக்குத் தண்ணீர் விடும் தடவைகளைக் கூட்ட வேண்டும்.

முகப்பு எலிவேஷனுக்கு அலுமினியக் கூட்டுத் தகடு பொருத்துபவர்களுக்கு ஈரத்தைவிட வெப்ப விரிவே முக்கியம். எட்டடித் தகடு 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் 2 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். குளிர்ந்த காலையில் இடைவெளி விடாமல் பொருத்தினால் கோடையில் அது புடைத்துக்கொள்ளும். அமெரிக்கா, கனடாவில் மரச்சட்ட வீடுகளுக்குப் போர்த்தும் வினைல் பலகைகளில் இது இன்னும் தீவிரம். ஒரு பலகை குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். கடுங்குளிரில் அறுத்தால் நொறுங்கவும் செய்யும். அங்கே ஆணியை இறுக அடிக்காமல் நீள்துளையின் நடுவில் தளர விடுகிறார்கள். வேலையை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வைத்துக்கொள்கிறார்கள்.

பூச்சுக்கும் வண்ணத்துக்கும் மேலே சொன்ன மாதங்கள் எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. இரண்டு பருவமழையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில் உலர்ந்த இடைவெளி ஜனவரி முதல் மார்ச் வரைதான். ஏப்ரலிலேயே இடிமழை தொடங்கிவிடும். உதகையில் ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். 5 டிகிரிக்குக் கீழே சிமென்டின் வினை மிகவும் மந்தமாகிவிடும். அங்கே பிப்ரவரி பிற்பகுதிக்கு முன் பூசக் கூடாது. கடற்கரை ஊர்களில் காற்றோடு வரும் உப்பு சுவரில் படிகிறது. ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும் இரவுகளில் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து சுவரை நனைக்கும். அங்கே வண்ணத்துக்கு முன் நல்ல தண்ணீரால் சுவரைக் கழுவி, முழுதாக உலர விட வேண்டும். உள்ளிருந்து பூக்கும் உப்பைக் கழுவக் கூடாது என்பது வேறு. இது வெளியிலிருந்து படிந்த உப்பு.

கட்டட வேலை பல நேரங்களில் ஆவணியிலோ புரட்டாசியிலோ முடிகிறது. பணமும் ஆளும் தைக்காகக் காத்திருப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு, மழை வலுப்பதற்கு மூன்று வாரம் முன்பாகவே வெளிப்பூச்சை முடித்து, 10 நாள் தண்ணீர் விட்டு, வண்ணம் அடிக்காமல் அப்படியே விட்டுவிடுவது நல்ல வழி. வலுப்பெற்ற பூச்சை மழை கெடுக்காது. மாறாக, சன்னல் ஓரங்களிலும் சன்ஷேடு சேரும் இடங்களிலும் மழைநீர்க் குழாயைச் சுற்றியும் தண்ணீர் எங்கெல்லாம் இறங்குகிறது என்பதை அந்த ஒரு பருவம் காட்டிக்கொடுக்கும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்து, தையில் விரிசல்களை அடைத்து, மாசியில் உப்பைத் தட்டிவிட்டு, பங்குனியில் பிரைமரும் இரண்டு கை வண்ணமும் அடிக்கலாம்.