தொண்டைமண்டல வேளாளரும் காணியாட்சியும்

ஆதொண்டைச் சக்கரவர்த்தி குறும்பரை வென்று, அவர்கள் ஆண்ட காட்டுச் சீமையைத் திருத்தி, அயல்நாட்டு வேளாளரை அழைத்துவந்து குடியமர்த்தினான் என்பதே தொண்டைமண்டல வேளாளர் தம் பூர்வீகம் பற்றி வழிவழியாகக் கூறிவரும் ஐதிகம். இதனை அப்படியே சரித்திரமாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் பல்லவர், சோழர் காலச் சாசனங்களில் கோட்டம், நாடு, ஊர், ஏரி என்னும் அமைப்பு தெளிவாகக் காணப்படுவதால், மழையை நம்பிய இம்மண்ணில் நீரைத் தேக்கி நெல் விளைத்த ஊர்ச் சமுதாயங்களின் தொன்மை ஐயத்துக்கு இடமற்றது. பெரியபுராணம் பாடிய குன்றத்தூர்ச் சேக்கிழார் தம் குலத்தவர் என்பது இவர்களுடைய நியாயமான பெருமை.

இவர்களுடைய செல்வாக்கின் அஸ்திவாரம் காணியாட்சி என்னும் பரம்பரை நிலவுரிமை. பிற்காலத்தில் அதற்கு மிராசு என்று பெயர். ஊர் முழுவதும் பங்குகளாக எண்ணப்படும். பசுங்கரை ஊர்களில் பங்குக்காரர் நிலத்தைப் பொதுவில் வைத்து அனுபவிப்பர், அறுதிக்கரை ஊர்களில் அவரவர் பங்கு நிலையாகப் பிரிந்திருக்கும். காணியில்லாத பாயக்காரிகள் உழுது வாரம் கொடுத்தனர். பங்குக்காரருக்கோ களத்து நெல்லில் மேரை என்னும் பங்கும், வரியற்ற மானிய நிலங்களும் 'சுதந்திரம்' என்னும் உரிமையாகக் கிடைத்தன. 1763-ல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்த பின்னர், இவ்வுரிமையின் இயல்பைக் குறித்து நெடிய விவாதம் எழுந்தது. கலெக்டர் பிளேஸ் மிராசுதாரரோடு மல்லுக்கு நின்றார். மிராசு உரிமை பற்றி அரசாங்கம் எழுப்பிய 17 வினாக்களுக்கு விடையாகச் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை எழுதிய நூல் 1818-ல் அச்சேறியது.

ஆனால் ஏரிக்கரையில் மண் சுமந்து, சேற்றில் நாற்று நட்டவர்கள் பெரும்பாலும் காணி மறுக்கப்பட்ட பறையர் குலத்துப் பண்ணையாட்களே. அவர்களைச் சொல்லாமல் வேளாளரின் சரித்திரத்தை எழுதுவது பெரும் அநியாயம். செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் அவர்களது நிலையை ஆராய்ந்து விடுத்த அறிக்கையின் பயனாகவே, 1892-ல் அவர்களுக்கெனப் பஞ்சமி நிலங்கள் வழங்கும் ஏற்பாடு பிறந்தது.

இன்று முதலியார் பட்டம் கொண்ட இவ்வேளாளர் குடும்பங்கள் பல சென்னையில் உத்தியோகத்திலும் வாணிபத்திலும் நிலைபெற்றுவிட்டன. காஞ்சிபுரத்துத் தொண்டைமண்டல ஆதீனம் அவர்களது சைவப் பற்றைப் பேணி வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வயல்களோ வீட்டுமனைகளாக விலைபோகின்றன. மாமல்லபுரத்துக்கு அணித்தான காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் திரண்டவர்கள் மீது போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர்; பஞ்சமி நிலங்களைத் திரும்பப் பெறும் கோரிக்கை இன்றளவும் எழுப்பப்பட்டு வருகிறது.